மாட்டு டாக்டர் காரும் ரோஸ்லினின் பிரைமரும்

காருக்குப் பெயிண்ட் அடிக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கலர் அட்டையைத்தான் கேட்பார்கள். ரோஸ்லின் லேசில் எடுத்துத் தர மாட்டாள். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் சாலையில் தகரக் கொட்டகை போட்டு, பதினோரு வருஷமாகக் கார்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருப்பவள் அவள். அட்டை மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கும். வந்தவரை ஸ்டூலில் உட்கார வைத்து, சம்பந்தம் பேச வந்தவளைப் போல விசாரிக்க ஆரம்பிப்பாள்.

“வண்டி எங்க நிக்கும்? மரத்தடியா, வைக்கப்போர் பக்கமா?”

“வைக்கப்போர் பக்கந்தான்.”

“டிக்கியில யூரியா மூட்டை ஏத்துவீங்களா? மறைக்காம சொல்லுங்க.”

“எப்பவாச்சும்…”

“எப்பவாச்சும்னா எப்பவும்னு அர்த்தம். பழைய பெயிண்டுக்கு மேல யாராச்சும் டச்சப் பண்ணியிருக்காங்களா?”

வந்தவர் முழிப்பார். அவள் அதைக் கண்டுகொள்ளாமல், துணி சுற்றிய ஒரு காந்தத்தைக் கதவின் மேல் இழுத்துக்கொண்டே போவாள். காந்தம் பிடிக்காமல் வழுக்கினால் உள்ளே ஒடுங்கிய இடத்தைப் பட்டி வைத்து மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு தின்னர் நனைத்த துணியால் ஒரு மூலையில் தேய்ப்பாள். பெயிண்ட் கரைந்து துணிக்கு வந்தால், அதன் மேல் எதை அடித்தாலும் நிற்காது, மொத்தத்தையும் உரிக்க வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் எந்த பிரைமர் என்று முடிவாகும். இரும்புக்கும் கலருக்கும் நடுவே இருந்து இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளும் பூச்சு அது. வண்டி சாலைக்கு வந்த பிறகு அதை யாரும் பார்க்கப் போவதில்லை, பாராட்டப் போவதும் இல்லை. ஆனாலும் ரோஸ்லின் அதற்காக வாடிக்கையாளரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவாள். ஊரில் அவளுக்குப் பிரைமர் ரோஸ்லின் என்றே பெயர். அதைக் கேலியாகச் சொல்கிறவர்களும் தங்கள் வண்டியை அவளிடம்தான் கொண்டுவந்து விடுகிறார்கள்.

இவ்வளவு கறார் பிறக்கும்போதே வந்ததல்ல. அதற்குக் காரணம் ஒரு கார்.

ரோஸ்லின் கல்யாணத்துக்கு முன்பு சென்னைப் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில், பெயிண்ட் அடிக்கும் பிரிவில் எட்டு வருஷம் வேலை பார்த்தாள். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் முகமூடி. அங்கே கார்க் கூடுகள் அவள் கைக்கு வரும்போதே, பஜ்ஜியை மாவில் முக்கி எடுத்த மாதிரி, பெரிய தொட்டியில் முக்கி பிரைமர் ஏற்றப்பட்டுத்தான் வரும். வெற்று இரும்பை அவள் பார்த்ததே இல்லை. அதற்கு மேல் பூசுவதில் அவள் கில்லாடி. பிறகு ஜோசப்ராஜைக் கல்யாணம் செய்துகொண்டு மன்னார்குடிக்கு வந்தாள். அவன் நெல் அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவன். அறுப்புக் காலத்தில் ஊர் ஊராகப் போய்விடுவான், மற்ற நாளில் வீட்டில் இருந்து வம்பளப்பான். அவன் கொடுத்த தைரியத்தில்தான் கொட்டகை போட்டாள்.

முதல் வாடிக்கையாளர் இராஜாங்கம். கால்நடைத் துறையில் ஆய்வாளர். டாக்டர் இல்லை என்று அவரே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார், மாடு வைத்திருக்கிறவர்கள் கேட்பதாக இல்லை. சுற்று வட்டாரம் முழுக்க அவர் மாட்டு டாக்டர்தான். அவர் தெருவில் முதன்முதலாகக் கார் வாங்கியவரும் அவரே. பலர் கைமாறி வந்த சின்னக் கார் அது, பார்க்கப் பரிதாபமாக இருக்கும். அதைக் கருநீலமாக மாற்றித் தரச் சொன்னார். ரோஸ்லின் பழைய பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தாள். தொழிற்சாலையில் தான் பூசிப் பழகிய, சீக்கிரம் காய்கிற சர்ஃபேசர் வகை பிரைமரை அந்த வெற்று இரும்பின் மேலேயே நேராக அடித்தாள். அதன் மேல் நீலம். வண்டி வெளியே போனபோது அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருந்தது.

அந்த மினுமினுப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தையில் ரோஸ்லின் அந்தக் காரைக் கடைத்தெருவில் பார்த்தாள். பானட்டில், கதவுகளில், டிக்கியில் என்று அங்கங்கே பெயிண்ட் கொப்பளித்துக் கிடந்தது. மறு வருஷம் கொப்புளங்கள் உடைந்து துரு எட்டிப் பார்த்தது. இராஜாங்கம் தன் கையாலேயே பிரஷ்ஷால் நீலத்தைத் தொட்டுத் தொட்டு வைத்து அதை இன்னும் கோரமாக்கினார்.

அவர் வந்து சண்டை போட்டிருந்தால்கூட ரோஸ்லினுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வரவே இல்லை. இவளாகப் போய், “சார், வண்டியக் கொண்டாங்க, திரும்ப அடிச்சுத் தர்றேன்” என்று இரண்டு முறை கேட்டாள். “ஓடுதும்மா, அது போதும்” என்று சொல்லிவிட்டு வேகமாக நடையைக் கட்டினார். யார் கேட்டாலும், “வெயில்ல நிக்குதுல்ல, அதான்” என்பாராம். பெருந்தன்மை! அந்தப் பெருந்தன்மையைத்தான் ரோஸ்லினால் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அது சும்மா நிற்கிற கார் இல்லை. எந்த ஊரில் எந்தப் பசு கன்று போட்டாலும் அங்கே போய் நிற்கிற கார். அவளுடைய முதல் வேலையின் லட்சணம் பதினோரு வருஷமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

“உன் வண்டி போவுது பாரு” என்பான் ஜோசப்ராஜ், சாலையில் அது தெரிந்ததும். உடனே அவள் தகரத் தடுப்புக்குப் பின்னால் போய் எதையாவது தேடுவாள்.

பிரைமர் விஷயத்தில் அவள் இவ்வளவு படித்ததும் கேட்டதும் அந்தக் காரால்தான். திருச்சியில் நடந்த இரண்டு பயிற்சி முகாம்களுக்குப் போய் வந்தாள். தான் செய்த தப்பு என்ன என்று அங்கேதான் தெரிந்தது. சர்ஃபேசர் கீறலை நிரப்பும், தேய்த்தால் வழவழப்பாகும். ஆனால் புது மண்பானை மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். வெற்று இரும்புக்கு முதலில் எபாக்ஸி பிரைமர் அடித்து அடைத்துவிட வேண்டும், அதன் மேல்தான் சர்ஃபேசர் போக வேண்டும். பிளாஸ்டிக் பம்பருக்குத் தனி பிரைமர். இதெல்லாம் தெரிந்த பிறகு அவள் அடித்த எந்த வண்டியும் கொப்பளித்ததில்லை. ஆனாலும் இராஜாங்கம் சாரின் காரை ஒருமுறை, ஒரே ஒருமுறை, சரியாக அடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவளுக்குத் தீராத ஆசையாக இருந்தது. மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றும்போதெல்லாம் பிள்ளைகளின் படிப்புக்கு அடுத்தபடியாக அதைத்தான் கேட்டாள்.

இந்தப் பங்குனியில் அந்தக் கார் தானாக வந்து கொட்டகை வாசலில் நின்றது.

ஓட்டி வந்தது இராஜாங்கத்தின் மகள் தமிழ்நிலா. தஞ்சாவூரில் கல்லூரி விரிவுரையாளர். அப்பா ஓய்வு பெற்றுவிட்டதால் காரை அவளுக்குக் கொடுத்துவிட்டாராம்.

“அக்கா, இதுக்கு முழுசா பெயிண்ட் அடிக்கணும். காலேஜ்ல என் பசங்க கிண்டல் பண்றாங்க. தேமல் வந்த காருன்னு பேரே வச்சுட்டாங்க.”

ரோஸ்லின் கதவில் இருந்த துருவை விரலால் தொட்டுப் பார்த்தாள். “சாருக்குத் தெரியுமா, இங்க கொண்டாந்தது?”

“அதை ஏன் கேக்குறீங்க. இங்க மட்டும் வேணாம், தஞ்சாவூர்லயே எங்கயாச்சும் கொடுன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. அம்மாவும் அதே பாட்டு. நான் விசாரிச்சா எல்லாரும் உங்க பேரத்தான் சொல்றாங்க.”

இங்கே மட்டும் வேண்டாமாம். ரோஸ்லினுக்கு முகம் சுருங்கிப் போனது. வாயால் வெயில் என்று சொன்ன மனுஷர் மனசுக்குள் எல்லாவற்றையும் வைத்திருந்திருக்கிறார். அதில் தப்பும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“ஒரு வாரத்துல முடியுமாக்கா?”

“பத்து நாளு ஆவும். ஒரு நாள்கூடக் குறையாது. வண்டி எங்க நிக்கும், அதச் சொல்லு.”

மறுநாள் காலை பெயிண்ட் உரிக்கும் மருந்தைப் பானட்டில் பூசினாள். பெயிண்ட் புழுங்கி எழும்பியது. தகட்டால் வழித்துக்கொண்டே வந்தவளின் கை பாதியில் நின்றது. அடியில் இருந்த இரும்பில் துரு ஏறியிருந்தது. கண்டபடி ஏறியிருந்தால் அவள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள். விரல் அகலத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று கோடுகள். நடுக் கோட்டின் மேல் வட்டமாக ஒரு புள்ளி. துரு கொஞ்சம் பரவியிருந்தாலும் விபூதிப் பட்டையும் பொட்டும் என்று யாரும் சொல்லிவிடலாம்.

ரோஸ்லின் ஓடிப்போய்க் கதவுகளையும் டிக்கியையும் உரித்தாள். கதவுக்கு ஒரு பொட்டு. டிக்கிக்குப் பட்டையும் பொட்டும். பெட்ரோல் மூடியைக்கூட விடவில்லை, அதிலும் சின்னதாக ஒன்று.

கொட்டகைக்குள் சோற்றுத் தூக்கோடு வந்த ஜோசப்ராஜ் எட்டிப் பார்த்து, “என்ன, காரு கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கு?” என்றான்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், இந்த வண்டிக்கு பிரைமர் அடித்துக் காயவிட்டிருந்த சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. இரண்டு நாள் விடுமுறை என்று திருத்துறைப்பூண்டியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அப்போது கொட்டகைக்குக் கதவே கிடையாது, குறுக்கே ஒரு கயிறுதான். ஆயுத பூஜையன்று அரிவாள்மணைக்கும் அம்மிக்கும் பொட்டு வைக்கிற ஊரில், புதிதாக வாங்கிய காரை மட்டும் வெறும் நெற்றியோடு விட்டுவிடுவார்களா? யாரோ வந்து ஈரச் சந்தனமும் விபூதியும் குங்குமமும் குழைத்து வைத்திருக்கிறார்கள். பிரைமர் அதை ஆசை தீரக் குடித்திருக்கிறது. மேலே எவ்வளவு துடைத்தாலும் உள்ளே போனது போனதுதான். அதற்கு மேல் இவள் நீலத்தை அடித்து மூடியிருக்கிறாள்.

“நான் இல்ல!” என்று கத்தினாள் ரோஸ்லின். “ஏங்க, நான் இல்லங்க! பொட்டுதாங்க!”

கையில் இருந்த தகட்டை வீசிவிட்டுக் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பதினோரு வருஷப் பாரம் இறங்கியதில் சிரிப்பு சிரிப்பாக வந்தது. ஜோசப்ராஜ் தூக்கைத் திறந்து வைத்து, “சரி, சாப்பிட்டுட்டு ஆடு” என்றான்.

இரண்டாவது கவளத்திலேயே சிரிப்பு அடங்கிவிட்டது. தானே கற்றுக்கொண்ட பாடம் குறுக்கே வந்து நின்றது. எபாக்ஸி அடித்திருந்தால் சந்தனத்தைக் குடம் குடமாக ஊற்றினாலும் இரும்பைத் தொட்டிருக்காது. பொட்டு வைத்தது ஒரு பாதி என்றால், குடிக்கிற பிரைமரை அடித்தது மறு பாதி. அந்த மறு பாதி யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

பானட்டை அப்படியே விட்டுவிட்டு தமிழ்நிலாவுக்குப் போன் செய்தாள். “அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா. நான் ஒண்ணு காட்டணும்.”

மாலையில் மூவரும் வந்தார்கள். இராஜாங்கம் வாசலிலேயே தயங்கினார். அவர் மனைவி அம்சம், எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவர், அன்று மகளின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். பானட்டைப் பார்த்ததும் அம்சம் வாயைப் பொத்திக்கொண்டார்.

“நாந்தாம்மா” என்றார். “அன்னிக்கு நாந்தான் வந்து வச்சேன். எங்க தெருவுல முதக் காரு. எங்க மாமனாரு அடுத்தவங்க ஏரை ஓட்டினப்பவே அந்தக் கலப்பைக்குப் பொட்டு வச்சவ நான். சொந்தமா காரு வந்துட்டு, அதுக்கு வைக்காம இருப்பேனா? வச்சுட்டு வீட்டுக்குப் போனா இவரு திட்டுறாரு, பெயிண்டு வேலை நடக்குறப்ப ஏண்டி தொட்டேன்னு. மறுநாள் விடியறதுக்குள்ள ஓடியாந்து ஈரத்துணியால துடைச்சுட்டேன். நீ கண்டுபிடிக்கல.”

“கொப்பளிச்சப்பவே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு” என்றார் இராஜாங்கம். “வச்ச எடத்துலதானே கொப்பளிச்சுது. உங்க வேலைன்னு சொன்னா பாவம். எங்க வேலைன்னு சொன்னா மானம் போவுது. அதான் வெயில்னுட்டேன். நீங்க திரும்ப அடிச்சுத் தர்றேன்னு வந்து நின்னப்ப, எனக்குக் கூசிப்போச்சும்மா. பெயிண்டை உரிச்சா தெரிஞ்சுடுமேன்னு பயம் வேற. அதனாலதான் இங்க வேணாம்னு இவகிட்டச் சொன்னேன்.”

ரோஸ்லினுக்கு இப்போதுதான் கணக்குப் புரிந்தது. இந்தக் காரைக் கண்டு அவள் தகரத்துக்குப் பின்னால் ஒளிந்த ஒவ்வொரு தடவையும், காருக்குள் இருந்தவர் இவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று முடுக்கிக்கொண்டு போயிருக்கிறார்!

“சார், தப்பு என்னுது” என்றாள். “நான் சரியான பிரைமர் அடிச்சிருந்தா அம்மா வச்ச பொட்டு ஒண்ணும் பண்ணியிருக்காது.”

“பொட்டே வைக்கலன்னா உங்க பிரைமரு ஒண்ணும் பண்ணியிருக்காதே.”

“மழை பண்ணியிருக்கும் சார். கொஞ்சம் லேட்டா.”

“இல்லம்மா, எங்க தப்புதான்.”

“நான் சொல்றேன்ல, என் தப்பு!” அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

தமிழ்நிலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “பதினோரு வருஷமா நீங்க மூணு பேரும் இதைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தீங்களா? எனக்கு வண்டி வேணும். யார் தப்புன்னு அப்புறம் முடிவு பண்ணிக்குங்க.”

அடுத்த இரண்டு நாளும் ரோஸ்லின் யாரிடமும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. துருவை ஒரு புள்ளி விடாமல் தேய்த்து எடுத்தாள். இரும்பைத் துடைத்து, ஊதி, அது இரவுப் பனியைப் பார்ப்பதற்கு முன் அன்றைக்கே எபாக்ஸியைக் கலந்து அடித்தாள். இரண்டு டப்பாவையும் சொன்ன அளவில் கலக்க வேண்டும், கலந்ததும் அவசரப்படாமல் கொஞ்ச நேரம் விட வேண்டும், அடித்த பிறகு முழுசாக இறுகும்வரை தொடக் கூடாது. சாலையில் வைக்கோல் லாரி போகும்போதெல்லாம் படுதாவை இழுத்துவிட ஜோசப்ராஜை உட்கார வைத்தாள். அவனும் முணுமுணுத்துக்கொண்டே இழுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை அம்சத்துக்குப் போன் செய்தாள். “அம்மா, சந்தனம், விபூதி, குங்குமம் எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க.”

“எதுக்கு?”

“வண்டிக்குப் பொட்டு வைக்க.”

அரை மணி நேரத்தில் அம்சம் பித்தளைக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். பின்னாலேயே இராஜாங்கம். கார் சாம்பல் நிறத்தில், கலர் ஏறாமல் நின்றுகொண்டிருந்தது. அம்சம் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாரே தவிர, கை நீளவில்லை.

“வேணாம்மா. பெயிண்டு எல்லாம் முடிஞ்சப்பறம் வச்சுக்கறேன்.”

“இப்பதான் வைக்கணும். அன்னிக்கு எங்கெங்க வச்சீங்களோ அங்கெல்லாம் வைங்க. பெட்ரோல் மூடிய மறந்துடாதீங்க.”

அம்சத்துக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சந்தனத்தைக் குழைத்தார். பானட்டில் விபூதிப் பட்டை போட்டார். பயந்து பயந்து லேசாகத் தொட்டார்.

“அழுத்தி வைங்கம்மா” என்றாள் ரோஸ்லின். “ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேன்.”

பொட்டெல்லாம் வைத்து முடித்ததும் அம்சம் பழக்க தோஷத்தில் முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனார். ரோஸ்லின் விடவில்லை. “இருக்கட்டும். காலையில நானே துடைச்சுக்கறேன்.”

மறுநாள் காலை அவள் மட்டும் சீக்கிரமே வந்தாள். ஈரத்துணியால் பானட்டை ஒரே இழுப்பாகத் துடைத்தாள். துணி மஞ்சளும் சிவப்புமாக ஆனது. பானட்டில் ஒரு மங்கல் கறைகூட இல்லை. கதவுகள், டிக்கி, பெட்ரோல் மூடி எதிலும் இல்லை. உள்ளங்கையை அந்தச் சாம்பல் பூச்சின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒழுங்காகக் கழுவி, உலர்த்தி, தேய்த்து, சர்ஃபேசருக்கான துப்பாக்கியைக் கையில் எடுத்தாள்.

பத்தாவது நாள் கார் கருநீலத்தில் வெளியே போனது. தமிழ்நிலா ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூருக்கு எடுத்துப் போவதாக இருந்தாள். சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் காரைத் தனக்குக் கொடு என்று இராஜாங்கம் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

அன்று பத்து மணியிலிருந்து ரோஸ்லினுக்குப் போன் வர ஆரம்பித்தது. முதலில் பேசியவர் கோட்டூர்ப் பக்கம் பால் கறக்கிற ஒரு பெரியவர்.

“பிரைமர் ரோஸ்லினாம்மா? மாட்டு டாக்டரு வந்துட்டுப் போனாரு. மாடு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வந்தீங்கன்னேன். காரைக் காட்ட வந்தேன்னாரு. அன்னிக்கு வெயில்னு சொன்னது பொய்யாம். எங்க ஊட்டுல பண்ணின வேலை, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டு, ஒங்க நம்பரைக் கொடுத்தாரு.”

மதியத்துக்குள் இன்னும் நான்கு ஊர்களிலிருந்து அதே செய்தி வந்தது. ஒருவர் டீக்கடையில் இருந்தே பேசினார், பின்னால் இராஜாங்கத்தின் குரல், “வெயில் இல்லீங்க, வெயில் இல்ல” என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தது. மானம் போய்விடும் என்று பதினோரு வருஷம் வாயைத் திறக்காத மனுஷர் அவர். ரோஸ்லின் போனை வைத்துவிட்டு அழுதாள். அழுகிறாள் என்று தெரிந்தும் ஜோசப்ராஜ் அன்று கேலி செய்யவில்லை.

சாயங்காலம் சாலைக் கோடியில் நீலமாக ஏதோ தெரிந்தது. “உன் வண்டி…” என்று அவன் ஆரம்பிப்பதற்குள் ரோஸ்லின் எழுந்து, தகரத் தடுப்பைத் தாண்டி, சாலை ஓரத்துக்கே போய் நின்றுகொண்டாள்.